கிராம்வெல்லும் காலத்தின் தீர்ப்பும்

நாட்டை ஆண்ட தலைவர் ஒருவரைப் பற்றி மக்கள் இரு கூறாகப் பிரிந்து நிற்கும்போது, இரு சாராரும் இறுதியில் ஒரே சொல்லையே துணைக்கு அழைக்கக் காண்கிறோம். 'வரலாறு தீர்ப்பளிக்கும்' என்பதே அச்சொல். இன்றைய பழி நாளை நீங்கும் என்னும் நம்பிக்கையால் போற்றுவோர் அதனைக் கூறுவர். இன்றைய புகழ் நாளை கரையும் என்னும் நம்பிக்கையால் தூற்றுவோர் அதனையே கூறுவர். இருவர் கருத்திலும் வரலாறு என்பது காலத்தின் கோடியில் அமர்ந்திருக்கும் நடுவர் ஒருவரைப் போன்றது. சான்றெல்லாம் கேட்டபின் அந்நடுவர் தலைவர்க்குரிய இடத்தைப் பெரியோர் வரிசையில் குறித்துத் தருவார் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு தானே வாய் திறந்து பேசுவதில்லை. கவிஞரும், நினைவுக்குறிப்பு எழுதுவோரும், பதிப்பாசிரியரும், பேராசிரியரும் எழுதிய நூல்களின் வாயிலாகவே அது பேசுகின்றது. ஆகவே வரலாற்றின் தீர்ப்பு எனப்படுவது நம் கையில் ஒரு நூலாகவே வந்து சேர்கின்றது. நூலாயின், அதன் பாடம் யாது, அது தோன்றிய சூழல் யாது, ஆசிரியர் கூறியன எவை, கூறாது விடுத்தன எவை என்றெல்லாம் வினவுதற்கு இடமுண்டு. இலக்கியத் திறனாய்வு பயின்றோர் இத்துறையில் புகுந்து சில சொல்லுதல் தகும் என யாம் கருதுவது இதுபற்றியே.

ஆய்வுக்கு இங்கிலாந்தின் ஆலிவர் கிராம்வெல்லை எடுத்துக்கொள்கிறோம். அவர் மறைந்து முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. காலம் தீர்ப்பளிக்கும் என்பது உண்மையாயின், அது தீர்ப்பளிப்பதற்கு இதனினும் நீண்ட அவகாசம் வேண்டுவதில்லை. மேலும், அவரைப் பற்றிய தீர்ப்புகள் அவர் வாழ்ந்த காலம் முதல் இன்றுவரை தொடர்ச்சியாக நூல்வடிவில் கிடைக்கின்றன.

தலைவரும் செயல்களும்

கிராம்வெல் 1599-ஆம் ஆண்டு ஹண்டிங்டனில் பிறந்தவர். நடுத்தர நிலையிலிருந்த நிலக்கிழார் குடியினர். 1642-இல் மன்னர் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது அவருக்கு அகவை நாற்பத்து மூன்று. படைப்பயிற்சி ஏதும் இல்லாதவர். எனினும் சில ஆண்டுகளில் பாராளுமன்றப் படையின் தலைசிறந்த குதிரைப்படைத் தலைவராக உயர்ந்தார். 1645-இல் நேஸ்பியில் மன்னர் படை முறியடிக்கப்பட்டது. 1649 சனவரி 30-ஆம் நாள் மன்னர் தலை துணிக்கப்பட்டார்; அவ்வாணையில் ஒப்பமிட்ட ஐம்பத்தொன்பது பேரில் கிராம்வெல் மூன்றாமவர். அதே ஆண்டு ஆகஸ்டு நடுவில் அவர் படையுடன் அயர்லாந்து சென்றார்; 1650 மே இறுதிவரை, ஏறத்தாழ ஒன்பது திங்கள், அங்கே இருந்தார். 1653 ஏப்ரலில் பாராளுமன்றத்தைப் படைவீரர் துணையால் கலைத்தார். அதே ஆண்டு திசம்பரில் நாட்டுக் காவலர் என்னும் பதவியை ஏற்றார். 1657-இல் பாராளுமன்றம் முடியை அளிக்க முன்வந்தபோது அதனை மறுத்தார். 1658 செப்டம்பர் 3-ஆம் நாள் மறைந்தார்.

மன்னராட்சி மீண்டபின், 1661 சனவரி 30-ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தினின்று தோண்டி எடுக்கப்பட்ட அவர் உடல் டைபர்னில் தூக்கிலிடப்பட்டது. தலை தனியே வெட்டப்பட்டு வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தின் மேல் கழுவில் நடப்பட்டது. பல கைகள் மாறிய அத்தலை 1960-ஆம் ஆண்டில்தான் கேம்பிரிட்ஜில் அவர் பயின்ற சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் அடக்கம் செய்யப்பெற்றது. ஒருவரது உடலுக்கே முந்நூறு ஆண்டுகள் இடம் உறுதிப்படாதிருந்தது எனின், அவர் புகழுக்கு இடம் உறுதிப்படாதிருந்தமையில் வியப்பில்லை.

பாடாண் பாட்டும் செவியறிவுறூஉவும்

கிராம்வெல்லைப் பற்றி அவர் காலத்திலேயே எழுந்த தீர்ப்புகளுள் சிறந்தது ஆண்ட்ரூ மார்வெல் 1650-இல் இயற்றிய வாழ்த்துப் பாடல். அயர்லாந்தினின்று மீண்ட தலைவரை வரவேற்கும் பாட்டு அது. உரோமப் புலவர் ஹொரேசின் நெறியைப் பின்பற்றியது. நம் இலக்கண மரபில் வைத்துக் கூறின் பாடாண் திணையைச் சாரும். ஆனால் அப்பாடலைக் கற்போர் அதன் நடுவில் ஒரு புதுமையைக் காண்பர். பாட்டுடைத் தலைவரைப் பாட எழுந்த புலவர், அத்தலைவரால் வீழ்த்தப்பட்ட மன்னர் சார்லஸ் கொலைமேடையில் காட்டிய அமைதியையும் பெருமிதத்தையும் பாட்டின் உள்ளத்தில் அமைத்துவிடுகிறார். பாடாணின் வயிற்றில் கையறுநிலை பிறந்தாற்போல்வது இது. வென்றவர் ஆற்றலையும் வீழ்ந்தவர் மாண்பையும் ஒருசேரத் தாங்கும் இப்பாடலைப் படிப்போர், புலவர் எக்கட்சியினர் என இன்றளவும் வாதிடுகின்றனர்.

இவ்வளவு நடுநிலை வாய்ந்த பாடலுக்கு நேர்ந்த கதியும் கருதத்தக்கது. மார்வெல் மறைந்தபின் 1681-இல் அவர் பாடல்கள் தொகுத்து அச்சிடப்பட்டபோது, இப்பாடல் உள்ள தாள்கள் ஏறத்தாழ எல்லாப் படிகளினின்றும் நீக்கப்பட்டன. 1776-இல்தான் அது பரவலாக வெளிவந்தது. சிறந்த தீர்ப்பு எழுதப்பட்டிருந்தும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதனைக் கற்பார் இலர். காலம் உண்மையை வெளிப்படுத்தும் என்போர், காலம் அதனை மறைத்து வைப்பதும் உண்டு என்பதை எண்ணுதல் வேண்டும்.

மில்ட்டன் கிராம்வெல்லின் அரசியலில் பணியாற்றியவர். 1652-இல் பதினான்கடிப் பாடல் ஒன்றைத் தலைவர்க்கு விடுத்தார். 1654-இல் இலத்தீனில் எழுதிய இரண்டாம் மறுப்பு நூலில் அவரை வானளாவப் புகழ்ந்தார். ஆயினும் இரண்டிலும் புகழ்ச்சி அறிவுரையாக மாறுவதைக் காணலாம். பாடல், மனச்சான்றின் உரிமையைக் கூலிக் குருமாரிடமிருந்து காக்குமாறு வேண்டுகிறது. உரைநூல், பிறர்க்கு விடுதலை பெற்றுத் தந்தவர் தாமே அதனைப் பறிப்பவராகிவிடலாகாது என எச்சரிக்கிறது. தொல்காப்பியம் வாயுறை வாழ்த்து என்றும் செவியறிவுறூஉ என்றும் பாடாண் பகுதியில் வகுக்கும் துறைகளுக்கு இவற்றினும் பொருத்தமான அயல்மொழி எடுத்துக்காட்டுகளைக் காண்டல் அரிது. தலைவரை அருகிலிருந்து கண்டவர்க்கு அவர்பால் இருந்த அச்சம் இவ்வாழ்த்துகளின் அடியில் ஒலிக்கின்றது.

பகைவர் எழுதிய தீர்ப்பு

கிளாரெண்டன் பெருமகன் எட்வர்டு ஹைடு மன்னர் கட்சியின் தலைவர்களுள் ஒருவர். இருமுறை நாட்டைவிட்டு அயல்நாட்டில் வாழ நேர்ந்தவர்; 1674-இல் பிரான்சு நாட்டில் உயிர் நீத்தவர். அவர் எழுதிய பெருங்கலக வரலாறு 1702 முதல் 1704 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கிராம்வெல்லுக்கு அவர் பகைவர் என்பதில் ஐயமில்லை. தலைவர் செய்தன பெருந்தீங்குகள் என்றே அந்நூல் முழுதும் சாற்றுகிறது. எனினும் அவரது அஞ்சாமையையும் உழைப்பையும் மக்கள் உள்ளத்தை அறியும் கூர்மையையும் கிளாரெண்டன் மறைக்கவில்லை. அயல்நாட்டு அரசுகள் அவர் பெயர் கேட்டு நடுங்கியதையும் குறிக்கிறார். வீரமும் தீமையும் ஒருங்கே உடையவராகப் பிற்காலத்தார் அவரைக் காண்பர் என்பது அவர் முன்னறிந்து கூறிய முடிவு.

இம்முடிவின் சிறப்பு, அது இரு பண்புகளையும் அருகருகே நிறுத்தி ஒன்றால் மற்றொன்றை அழியாது விட்டதில் உள்ளது. வீரத்தினின்று தீமையைக் கழித்து எஞ்சியது இவ்வளவு என்று அவர் கணக்குக் காட்டவில்லை. பின்வந்தோர் பலர் செய்த பிழை அக்கணக்கே என்பதை மேலே காட்டுவோம்.

கார்லைலும் போலிக் கடிதங்களும்

பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் முதலியோர் கிராம்வெல்லைச் சமய வெறியும் பாசாங்கும் கலந்த உருவமாகக் காட்டினர். அக்காலம் பகுத்தறிவைப் போற்றிய காலம். இறைவன் பெயரைச் சொல்லி வாளெடுத்தவர் அக்கால அறிஞர்க்குப் புரியாத புதிராகவே தோன்றினார். இக்கருத்தை மாற்றியவர் தாமஸ் கார்லைல். 1840-இல் அவர் ஆற்றிய வீரவழிபாடு பற்றிய சொற்பொழிவுகளில் கிராம்வெல் அரசவீரராக இடம்பெற்றார். 1845-இல் கடிதங்களையும் சொற்பொழிவுகளையும் தொகுத்துப் பதிப்பித்தார். தலைவரைத் தம் வாயாலேயே பேசவைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பதிப்பு வந்தபின் கிராம்வெல்லை வெறும் பாசாங்குக்காரர் என்று கூறுவது அரிதாயிற்று. இது பெரும் பணியே.

ஆயினும் பதிப்பு நெறி பற்றிச் சில கூறவேண்டும். சொற்பொழிவுகளின் இடையிடையே கார்லைல் தம் வியப்பையும் விளக்கத்தையும் புகுத்தினார். தெளிவில்லாத தொடர்களைத் தாமே திருத்தினார். தலைவர் பேச்சு எங்கு முடிகிறது, பதிப்பாசிரியர் குரல் எங்குத் தொடங்குகிறது என்பது கற்பவர்க்கு மயங்கும்படி ஆயிற்று. இதனினும் பெரிய பிழை 1847-இல் நிகழ்ந்தது. நாரிச்சு நகரத்தார் ஒருவர் அனுப்பிய முப்பத்தைந்து கடிதங்களைக் கிராம்வெல்லின் கடிதங்கள் என நம்பி அவர் ஒரு திங்களிதழில் வெளியிட்டார். மூலத் தாள்களை அவர் கண்டதில்லை. அவை எரிக்கப்பட்டுவிட்டதாக அவரிடம் கூறப்பட்டது. பிற்கால ஆய்வாளர் அக்கடிதங்கள் போலி என நிறுவினர்.

கார்லைல் அறிவிலி அல்லர், அயராது உழைத்தவர். அவர் ஏமாந்தமைக்குக் காரணம், அக்கடிதங்கள் அவர் காண விரும்பிய வீரரையே காட்டியமைதான். வழிபடுவோர்க்கு விருப்பமே சான்றாகிவிடும். ஏடு தேடிப் பாடம் ஒப்பிடும் துறையில் நிற்கும் நமக்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை.

சிலையும் சொற்பொழிவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சாமுவேல் ராசன் கார்டினர் ஆக்ஸ்போர்டில் ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 'வரலாற்றில் கிராம்வெல்லின் இடம்' என்னும் பொருளுடைய தலைப்பில் அவை 1897-இல் நூலாயின. நாம் எடுத்துக்கொண்ட வினாவை நேரே எழுப்பிய நூல் அது. கார்டினர் நிகழ்ச்சிகளைக் காலமுறைப்படி ஆண்டு ஆண்டாகத் தொடர்ந்து சென்றவர். பின்னர் நிகழ்ந்ததைக் கொண்டு முன்னர் நிகழ்ந்ததை அளக்க மறுத்தவர். கிராம்வெல் தகர்த்தவை தகர்ந்தே போயின, கட்ட முயன்றவை நிலைக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவின் சாரம். மன்னர் தம் விருப்பம்போல் வரி விதித்து ஆளும் முறை மீளவில்லை. காவலர் ஆட்சியோ அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்தது. இங்கிலாந்தின் எல்லைக்குள் நின்று நோக்குவார்க்கு இதனினும் செப்பமான முடிவு கிடைத்தல் அரிது.

எல்லைக்குள் நின்று என்று கூறியதற்குக் காரணம் உண்டு. அச்சொற்பொழிவுகளுக்குச் சற்று முன், 1895-இல், ரோஸ்பெரி பெருமகனின் அமைச்சரவை கிராம்வெல்லுக்குப் பாராளுமன்றத்தருகே சிலை எடுக்கப் பொதுப்பணத்தில் தொகை வேண்டியது. அயர்லாந்து உறுப்பினர் கடுமையாக எதிர்த்தனர், முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் ரோஸ்பெரியே தம் பொருளைச் செலவிட, ஹேமோ தார்னிகிராப்டு வடித்த சிலை 1899 நவம்பரில் திறக்கப்பட்டது. ஒரு கையில் வாளும் மறுகையில் விவிலியமும் தாங்கித் தலை தாழ்த்தி நிற்கும் அவ்வுருவம் இன்றும் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ளது. பேராசிரியர் மன்றத்தில் தலைவர்க்கு இடம் வகுக்கப்பட்டுவந்த அதே ஆண்டுகளில், அவ்விடத்தை ஏற்க மறுத்த மக்கள் அரசியல் மன்றத்திலேயே இருந்தனர் என்பது இதனால் புலனாகும்.

கேட்கப்படாத சான்று

அவர்கள் மறுத்தது ஏன் என அறிய 1649-க்கு மீளவேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் கிராம்வெல்லின் படை டிராகெடா நகர மதிலை உடைத்துப் புகுந்தது. படைக்கலம் தாங்கிய எவரையும் உயிரோடு விடலாகாது எனத் தாமே ஆணையிட்டதாக அவர் பாராளுமன்றத் தலைவர்க்கு எழுதினார். தூய பேதுரு ஆலயத்தின் கோபுரத்தில் ஒளிந்தோர் தீயிடப்பட்டதையும், அடைக்கலம் தேடி அவ்வாலயத்துக்கு ஓடியோர் ஆயிரவர் அளவில் வாளுக்கு இரையானதையும் அக்கடிதமே கூறுகிறது. இறுதியில் பணிந்த காவற்கோபுரத்தாருள் படைத்தலைவர்கள் கொல்லப்பட்டனர். வீரர் பதின்மரில் ஒருவர் கொல்லப்பட, எஞ்சியோர் பார்படோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு திங்கள் கழித்து வெக்ஸ்போர்டிலும் பெருங்கொலை நிகழ்ந்தது.

கிராம்வெல் இரண்டு காரணங்கள் காட்டினார். 1641-இல் அயர்லாந்தில் புரொட்டஸ்டன்டு குடியேறிகள் கொல்லப்பட்டமைக்கு இறைவன் அளித்த தண்டனை இது என்பது ஒன்று. இக்கொடுமை பின்னர் நேரவிருக்கும் குருதிப்பெருக்கைத் தடுக்கும் என்பது மற்றொன்று. முதற்காரணம் நிற்காது. 1641-இன் கலகக்காரர் டிராகெடாவை முற்றுகையிட்டும் கைப்பற்ற இயலவில்லை. 1649-இல் நகரைக் காத்த படையில் ஆங்கிலேயரும் இருந்தனர். அதன் தலைவர் ஆர்தர் ஆஸ்டனும் ஆங்கிலேயரே. இரண்டாம் காரணமும் போர்ப்போக்கால் மெய்ப்படவில்லை. போர் 1653 வரை நீண்டது. பணியுமாறு விடுத்த ஓலையை மறுத்து மதில் உடைபட்டபின் பிடிபட்ட படைக்கு உயிர்ப்பிச்சை உரிமையில்லை என்பது அக்காலப் போர்முறை என்று சிலர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் உரிமையில்லை என்பது கொன்றே தீரவேண்டும் என்பதாகாது. குருமாரைக் கொன்றதற்கும் அம்முறை விடையாகாது.

கொல்லப்பட்டோரில் நகரமக்கள் எத்துணையர் என்பது இன்றும் வழக்காகவே உள்ளது. அக்கடிதத்தின் அச்சுப் பதிப்பின் இறுதியில் மாண்டோர் பட்டியல் ஒன்று உண்டு. குடிமக்கள் பலரும் மாண்டனர் என்னும் பொருளில் அது முடிகிறது. அப்பட்டியல் கிராம்வெல் எழுதியதா, அச்சிட்டோர் சேர்த்ததா என ஆய்வாளர் மாறுபடுகின்றனர். இடைச்செருகல் பற்றிய ஒரு பாடவேறுபாட்டின்மேல் ஒரு தலைவரின் பழி பெரிதோ சிறிதோ ஆகின்றது. பாடவாய்வு உயிரற்ற துறை என்பார்க்கு இதனை விடையாகக் காட்டலாம்.

இனி மார்வெலின் பாடலுக்கு மீள்வோம். சார்லசுக்கு நீதி வழங்கிய அப்புலவர், அயர்லாந்து மக்களைப் பற்றிப் பேசும்போது யாது செய்கிறார்? அவர்கள் ஓராண்டில் அடங்கிப்போனமைக்கு நாணுகின்றனர் என்றும், தலைவரின் நன்மையையும் நீதியையும் அவர்களே ஒப்புக்கொள்கின்றனர் என்றும் பாடுகிறார். டிராகெடா நிகழ்ந்து ஓராண்டும் நிறையவில்லை. இவ்விடத்தை நகைமுரணாகக் கொள்வோரும் உளர். பாடலின் ஏனைய பகுதிகளில் ஒலிக்கும் இருகுரல் இங்கு ஒலிக்கவில்லை என்றே யாம் கருதுகிறோம். நடுநிலையில் தலைசிறந்த புலவரும், வீழ்ந்த மன்னர்க்குத் தம் மொழியில் கையறுநிலை பாடினார். வீழ்ந்த மக்கள் வாயில் வாழ்த்தை வைத்தார். அவர் நீதி ஆங்கிலம் பேசுவோர் அவையளவில் நின்றது.

அம்மக்கள் உண்மையில் பாடியது யாது என்பதை அறிய ஐரிய மொழிப் பாடல்களுக்குச் செல்லவேண்டும். ஷான் ஓ கொனில் இயற்றிய அயர்லாந்தின் புலம்பல் என்னும் பாடல் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்து, ஏட்டுப் படிகளாகப் பெருகியது. டாவீ ஓ புரூடர் என்னும் புலவர், புரவலர் குடிகள் நிலமிழந்ததையும் அதனால் புலமைமரபு சிதைந்ததையும் நெடுங்காலம் பாடினார். அக்காலத்து ஐரியப் பாடல் ஒன்றில், நாடுகடத்தலையும் குடிபெயர்த்தலையும் குறிக்கும் ஆங்கில ஆணைச் சொற்கள் அப்படியே இடம்பெற்றுள்ளன. அப்புலவர் கற்ற ஆங்கிலம் அவ்வளவே போலும். 1652-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நிகழ்ந்த நிலப்பறிப்பின் அளவை எண்களும் காட்டும். 1641-இல் அயர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1688-இல் அது இருபத்திரண்டு விழுக்காட்டளவாகக் குறைந்தது.

இச்சான்றையும் ஆராயாது ஏற்றலாகாது. நிலப்பறிப்புக்கு அடிகோலிய சட்டம் 1642-இல் மன்னர் சார்லசின் இசைவோடு இயற்றப்பட்டது. 1652-இன் சட்டம் கிராம்வெல் பின்னர்க் கலைத்த பாராளுமன்றத்தினது. அவர் அயர்லாந்தை விட்டு நீங்கியபின் போரை நடத்தியோர் பிறர். ஆயினும் மக்கள் நினைவு அனைத்தையும் ஒரு பெயரில் ஏற்றியது. அவர் கால் படாத ஊர்களிலும் இடிந்த கோட்டைகளை அவர் இடித்தனவாகவே கூறுவர். ஒரு நூற்றாண்டின் துன்பம் ஒரு பெயரில் திரண்டது. எனவே, போற்றுவோர் நூலுக்கு வைத்த உரைகல்லையே தூற்றுவோர் கூற்றுக்கும் வைத்தல் கடன்.

வரிசை என்னும் மயக்கம்

இருபதாம் நூற்றாண்டில் தீர்ப்புகள் மேலும் பெருகின. ஆபட்டு என்னும் ஹார்வர்டு அறிஞர் 1937 முதல் 1947 வரை நான்கு தொகுதிகளாகக் கிராம்வெல்லின் எழுத்துகளைப் பதிப்பித்தார். ஐரோப்பாவில் தனியாட்சியர் தலைவிரித்தாடிய ஆண்டுகள் அவை. அக்காலத்தார் சிலர் பழைய காவலரிடம் புதிய கொடுங்கோலர் சாயலைக் கண்டதில் வியப்பில்லை. 1956-இல் டிரெவர்-ரோப்பர், பாராளுமன்றத்தை நடத்தும் கலையறியாத பின்னிருக்கை உறுப்பினராக அவரைக் காட்டினார். 1970-இல் கிறிஸ்டபர் ஹில், பாதியில் நின்ற புரட்சியின் தலைவராகக் கண்டார். 1999-இல் டிராகெடா நகரத்தவரான டாம் ரைலி, அவரை மதிக்கத்தக்க பகைவர் எனத் தலைப்பிட்டு எழுதினார். 2008-இல் மீஹால் ஓ ஷிக்ரூ, இறைவன் பெயரால் கொலைத்தண்டம் நிறைவேற்றியவர் என்னும் பொருளில் தம் நூலுக்குப் பெயரிட்டார். இதற்கிடையே 2002-இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் மக்கள் வாக்கால் தேர்ந்த நூறு பிரித்தானியப் பெரியோர் வரிசையில் கிராம்வெல் பத்தாம் இடம் பெற்றார்.

பத்தாம் இடம் என்பது எதனைக் குறிக்கிறது? நேஸ்பி வெற்றியையும், முடியை மறுத்த துணிவையும், 1290-இல் வெளியேற்றப்பட்ட யூதர் 1656 முதல் மீண்டும் இங்கிலாந்தில் வாழ இசைந்த பொறையையும் கூட்டி, டிராகெடாவையும் பாராளுமன்றக் கலைப்பையும் படைத்தலைவர் ஆட்சியையும் கழித்து எஞ்சிய தொகை என்றே அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. இக்கணக்கு முறையே பிழையுடைத்து என்பது எம் துணிபு. ஒருவரிடம் பெற்ற கடனை மற்றொருவர்க்குச் செய்த உதவியால் தீர்க்க இயலாது. நன்மை பெற்றோர் ஒரு மக்கள். இழந்தோர் வேறு மக்கள். இலண்டனில் யூதர் பெற்ற இடம், டிராகெடாவில் மாண்டார் கணக்கில் வரவாகாது. இழந்தோர் அவையில் இல்லாதபோதுதான் இக்கூட்டலும் கழித்தலும் எளிதாக நிகழ்கின்றன. வரிசையில் இடம் தருவோர் யார், அவர் முன் நின்று பேசாதோர் யார் என்னும் வினாவை ஒவ்வொரு வரிசையின் முன்னும் எழுப்புதல் வேண்டும்.

அங்ஙனமாயின் தீர்ப்பே இயலாதோ, காலந்தோறும் மாறும் கருத்துகளெல்லாம் ஒப்பானவையோ எனின், அன்று. ஹியூம் கண்ட பாசாங்குக்காரர் கடிதங்களின் முன் நிற்கவில்லை. கார்லைல் கண்ட மாசற்ற வீரர் போலிக் கடிதங்களோடும் டிராகெடாவோடும் நிற்கவில்லை. கிளாரெண்டனின் முடிவும் கார்டினரின் முடிவும் பெரும்பாலும் நிற்கின்றன. அவை தமக்கு மாறான சான்றைத் தம்முள் ஏற்றுக்கொண்டவை. மாறான சான்றை எத்துணை தாங்குகிறது என்பதே ஒரு தீர்ப்பின் வலிமையை அளக்கும் கோல். இக்கோலால் அளந்து யாம் கூறுவது இது: கிராம்வெல் தனியாட்சி மன்னரை வீழ்த்தியோருள் முதல்வர், வீழ்ந்த இடத்தில் நிலையான அரசை அமைக்க மாட்டாதவர், அயர்லாந்தில் தம் காலத்துப் போர்முறையைக் காரணம் காட்டியும் நீங்காத பழிக்கு உரியவர். இம்மூன்றும் தனித்தனியே நிற்பன. ஒன்றாகத் திரட்டி ஓர் எண்ணாக்குதல் இயலாது.

இறுதியாக ஒன்று. 2022-இல் ஜான் மோரில் தலைமையில் அறிஞர் குழு கிராம்வெல்லின் கடிதங்களையும் சொற்பொழிவுகளையும் மூன்று பெருந்தொகுதிகளாகப் புதிதாகப் பதிப்பித்தது. 1845-இன் பிழைகள் நீங்கின. தலைவரின் குரல் முன் எப்போதையினும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் தூய பேதுரு ஆலயத்தில் மாண்டோரின் கூற்று எப்பதிப்பிலும் இல்லை; எழுதிவைக்கப்படாதது பதிப்பிக்கப்படுவதுமில்லை. ஆள்வோர் எழுத்து காக்கப்படும், ஆளப்பட்டோர் சொல் காற்றில் கலையும் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான நிலை. ஆகவே, சர்ச்சைக்குரிய தலைவரை வரலாற்றின் கையில் விட்டுவிடுவோம் என்று இன்று கூறுவோர், அவ்வரலாற்றுக்கு வேண்டும் சான்றை இன்றே எழுதிவைக்கும் கடமையினின்று விலகுகின்றனர். பின்வரும் நடுவர் எத்துணை நேர்மையாளராயினும் தம்முன் வைக்கப்பட்ட ஏட்டையே படிப்பர். அவ்வேட்டில் இழந்தோர் சொல்லும் அவர்தம் மொழியிலேயே இடம்பெறச் செய்வது வாழும் காலத்தாரின் பணி. தேடித் தொகுத்துப் பாடம் காப்பது நம் போன்ற துறையினரின் பணி.